ஏரி ஜிலேபி மீனைச் சேற்று வாடை இல்லாமல் சமைக்க

1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீன், வேலூர்ப் பக்கத்து ஏரிகளில் நம்ம ஊர்க் கெண்டையின் இரையில் பங்குக்கு நிற்கிறது. தாய்மீன் முட்டையை வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சு தப்பிப் பெருகிவிடும். ஆகவே வலையில் விழுந்த விரல் நீளப் பொடியையும் திரும்ப விடாதீர்கள், வறுவலுக்கு ஆகும். தோல் தொழிற்சாலைக் கழிவு கலக்கும் நீரில் பிடித்தது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கழிவிலுள்ள குரோமியம் கொதித்தாலும் போகாது.

முதலில் முதுகு முள்ளைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், இல்லாவிட்டால் கை கிழியும். வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதில் சுரண்டி, செவுளைப் பிடுங்குங்கள். வயிற்றைக் கீறும்போது கத்தி ஆழமாகப் போனால் பித்தப்பை உடைந்து குழம்பே கசந்துவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை விட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு வாடை என்பார்கள். கல்லுப்பு வைத்துத் தேய்த்தால் உரிந்து வரும். ஒரு கிலோ மீனுக்கு நெல்லிக்காய் அளவு புளி கரைத்து, அரை ஸ்பூன் மஞ்சள் சேர்த்து 15 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அதற்கு மேல் ஊறினால் சதை குழையும்.

குழம்புக்கு எலுமிச்சை அளவு புளி, நல்லெண்ணெய் 4 கரண்டி, சின்ன வெங்காயம் 20, பூண்டு 15 பல், குழம்புத் தூள் 3 ஸ்பூன். இலவம்பாடி முள்ளுக்கத்திரி இரண்டு கிடைத்தால் விடாதீர்கள். அது முக்கால் வெந்து எண்ணெய் பிரிந்த பிறகே மீன் போடணும். 8 நிமிடம் போதும். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியை மட்டும் ஆட்டுங்கள்.