போய் வந்த ஊரைப் புவியியல் புதிராக்குவது எப்படி?

ஆறாம், ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போய் வந்த ஊரைப் பற்றிக் கதை சொன்னால் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டால், அவர்களே வரைபடத்தை எடுத்துத் தேடத் தொடங்குவார்கள். இதற்குத் தூர தேசம் போக வேண்டாம். மதுரையில் ராமேஸ்வரம் ரயில் ஏறி, மானாமதுரையில் இறங்கினாலே ஒரு வகுப்புக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

படி 1: படம் எடுக்கும்போதே நேரத்தையும், நீங்கள் பார்த்து நின்ற திசையையும் குறித்து வையுங்கள். அழகான படத்தைவிட நிழல் விழுந்த படம் மேல். காலை நிழல் மேற்குப் பக்கம் நீளும் என்பது தெரிந்தால், படத்திலிருந்தே பிள்ளைகள் திசை சொல்லிவிடுவார்கள்.

படி 2: மூன்று துப்பு எழுதுங்கள். பரந்த துப்பு முதலில், நெருக்கமானது கடைசியில். 'இங்கே செய்யும் கடம் கச்சேரி மேடை ஏறும்' என்று எடுத்த எடுப்பில் சொன்னால் ஆட்டம் அப்போதே முடிந்துவிடும்.

படி 3: துப்புகளைச் சோதியுங்கள். திணறல் வருவது இங்கேதான், அவசரப்படாதீர்கள். 'வைகைக் கரை ஊர், ரயில் நிற்கும்' என்று எழுதுகிறோம். சோழவந்தான், மதுரை, திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி எல்லாமே பொருந்தும். சரி, 'நான்கு பக்கமும் ரயில் பாதை பிரியும்' என்று சேர்க்கிறோம். மானாமதுரையிலிருந்து மதுரை, விருதுநகர், காரைக்குடி, ராமேஸ்வரம் பக்கம் பாதைகள் போகின்றன. முடிந்தது என்று தோன்றும். ஆனால் மதுரைக்கும் திண்டுக்கல், விருதுநகர், போடி, மானாமதுரை என்று நான்கு பாதை உண்டே! 'மதுரையைத் தாண்டி வந்த வைகை இங்கே வருகிறது' என்ற மூன்றாவது துப்பு வந்த பிறகுதான் ஒரே விடை நிற்கும். ஒவ்வொரு துப்புக்கும் மிஞ்சுகிற ஊர்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். இரண்டு ஊர் மிஞ்சினால் அந்தப் புதிரை வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். சரியாக யோசித்த பிள்ளைக்குத் 'தப்பு' என்று சொல்ல நேர்ந்துவிடும்.

படி 4: வரைபடம். நான் தயாரிப்பதற்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம்தான். ரயில் பாதை அதில் தெளிவாகத் தெரியும். வகுப்பில் காகித அட்லஸ், இல்லையென்றால் ஏ3 ஜெராக்ஸ். நான்கு தலை ஒரே தாளின் மேல் குனிந்து, 'டேய், இந்தக் கோடு எங்க போகுது பாரு' என்று விரலால் தடவிப் போகிற தேடல் போன் திரையில் வராது.

ஆற்றுப் படத்தைக் காட்டும்போது ஒன்று சொல்லிவிடுங்கள். மழைக்காலம் தவிர்த்துப் போயிருந்தால் மணலும் சீமைக் கருவேலமும்தான் தெரியும். 'இது ஆறா சார்?' என்று கேட்பார்கள். வருசநாட்டு மலையில் கிளம்பும் வைகை, வழியில் எத்தனை கண்மாய்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்று பேச அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

பின்னால் சேர்த்தது: இதைப் படித்த ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் துப்பை அப்படியே போனில் தட்டி விடை எடுத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். ஊர்ப் பெயருக்கு ஒரு மதிப்பெண், அடித்த ஒவ்வோர் ஊருக்கும் காரணம் எழுதினால் இரண்டு என்று வையுங்கள். 'சோழவந்தான் இல்லை, ஏனென்றால் அது மதுரைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது' என்று எழுத வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

பெயரே கேட்காத புதிரும் போடலாம். சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களின் செயற்கைக்கோள் படத்தைக் கொடுத்து, வளைந்த கரை பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கமே இருப்பது ஏன் என்று கேளுங்கள். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதை அவர்களே சொல்லட்டும். 'தண்ணி ஓடிப் போற பக்கம்தானே சார் அணை கட்டணும்' என்று யாராவது சொல்லும்வரை பொறுத்திருங்கள்.