மண்டையில் ஒட்டிய பாட்டை விரட்டப்போய்ச் செய்யும் தவறுகள்

பொள்ளாச்சியில் பஸ் ஏறி, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, கொழிஞ்சாம்பாறையில் இறங்குவதற்குள் ஒரு மலையாளப் பாட்டின் ஒற்றை வரி மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் இறங்கி மூன்று நாளாகியும் அது இறங்கவில்லை. அந்த மூன்று நாளில் நான் செய்த கோளாறுகள்தான் இவை. பெரும்பாலோர் செய்வதும் இவற்றைத்தான்.

முதலில், "இனி இதை நினைக்கவே கூடாது" என்று மல்லுக்கட்டினேன். 1987-ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தார். கரடி திரும்பத் திரும்ப வந்தது. அப்புறம் நினைக்கலாம் என்று விட்டபோது இன்னும் அதிகமாக வந்தது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற நம்மூர்க் கதைதான், குரங்குக்குப் பதில் கரடி.

அடுத்த தவறு, தெரிந்த வரியையே முணுமுணுத்துக்கொண்டு மிச்சப் பாட்டைக் கேட்காமல் விடுவது. எங்களைப் போல எல்லையில் இருப்பவர்கள் இதில் வசமாக மாட்டுவோம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். பேச்சு புரிந்துவிடும், பாட்டு பாதிதான் பிடிபடும். எனக்கு அந்த வரியில் முதல் நான்கு சொல் தெரியும், அப்புறம் வெறும் 'ம்ம்ம்'. 'ம்ம்ம்' வந்ததும் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி மறுபடி முதலிலிருந்து. முடிக்காத வேலை மனதை விட்டுப் போகாது என்று உளவியலாளர் ப்ளூமா ஜைகார்னிக் 1927-லேயே எழுதினார். பாட்டும் அப்படித்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நான்காம் நாள் வெட்கத்தை விட்டு டீக்கடைச் சேட்டனிடம் பாடிக் காட்டினேன். மூன்றாவது சொல்லையே தப்பாகப் பாடுகிறேன் என்று சிரித்தவர், போனில் முழுப் பாட்டையும் போட்டுவிட்டார். கடைசிவரை கேட்டேன். சாயங்காலம் பார்த்தால் அது போயிருந்தது.

இன்னொரு பாட்டைப் போட்டு இதை விரட்டலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் அது இதைவிடப் பசையான பாட்டாக இருந்தால் அடுத்த வாரமும் இதே கதை.

வேலையில் மூழ்கினால் போய்விடும் என்பதும் பாதி உண்மைதான். 2013-ல் வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் பார்த்ததில், வேலை ரொம்ப லேசாக இருந்தாலும் பாட்டு வந்தது, ரொம்பக் கடினமாக இருந்தாலும் வந்தது. வெங்காயம் உரித்தால் போகாது. ஓரளவு யோசிக்க வைக்கும் குறுக்கெழுத்து பரவாயில்லை.

தூங்கப்போகும்போது பாட்டு கேட்பதை நிறுத்துங்கள். வெறும் இசைதானே, வரி இல்லையே என்று சமாதானம் சொல்லாதீர்கள். 2021-ல் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வில், தெரிந்த பாட்டின் வரியில்லாத வடிவம்தான் அதிகமாக ஒட்டிக்கொண்டது, தூக்கத்தையும் கெடுத்தது. பாட்டு வெளியிலிருந்து நிஜமாகவே ஒலிப்பதுபோலக் கேட்டால் அது வேறு சங்கதி, டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

சூயிங் கம் மென்றால் பாட்டு குறைகிறது என்று 2015-ல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். மனதுக்குள் பாடுவதற்கும் வாயசைவுக்கும் தொடர்பு உண்டாம். கம் கிடைக்காத அன்று நேந்திரங்காய் சிப்ஸை மென்று பார்த்தேன். பாக்கெட்தான் காலியானது.