குரல் டிராக்கை வைத்து முதல் ரீமிக்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ரீமிக்ஸ் செய்பவர்கள் பெரும்பாலும் பீட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிடித்த டிரம் லூப்பைப் போட்டுவிட்டு, அதன் மேல் குரலை ஒட்டப் பார்க்கிறார்கள். ஒட்டாது. பாடியவரின் தாளமும் சுருதியும் அந்தக் குரலுக்குள்ளேயே இருக்கின்றன. முதலில் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதிகம் பேர் சறுக்குவது எடுப்பில், அதாவது தாளத்தின் எந்த இடத்தில் பாட்டு தொடங்குகிறது என்பதில். குரல் ஃபைலின் முதல் எழுத்தை நேராக முதல் பாரின் (ஒரு தாளச் சுற்றின்) முதல் அடியில் வைத்துவிடுகிறார்கள். நம் பாட்டுகளில் எத்தனையோ பல்லவிகள் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், தொடங்குவதில்லை. அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளி எடுக்கும். சில பாட்டுகள் சமத்துக்கு முன்பே எடுத்துவிடும். அதைச் சமத்தில் வைத்தால், அழுத்தம் விழவேண்டிய சொல்லில் கிக் டிரம்மின் அடி விழாது. பாட்டு முழுக்க நொண்டும். மவுஸைத் தொடாமல், தொடையில் தாளம் போட்டபடி பல்லவியை நாலு முறை கேளுங்கள். கை அழுத்தி விழும் சொல் எதுவோ, அது முதல் அடியில் வரட்டும். அதற்கு முன்னால் இருப்பது முந்தைய பாரில் போய் உட்காரும். நடையும் அப்போதே பிடிபட்டுவிடும். தகிட நடையில் (அடிக்கு மூன்றாக) பாடியதற்கு ஹை-ஹாட் சிம்பலைத் தகதிமியில் (அடிக்கு நான்காக) ஓடவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

வேகத்தை சாஃப்ட்வேர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். 84 பிபிஎம் (நிமிடத்துக்கு 84 அடி) பாட்டை 168 என்று காட்டுவது சகஜம். தாளம் காட்டும் கிளிக் சத்தம் இல்லாமல் வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசித்த பழைய பாட்டில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஒரே எண்ணை வைத்தால் இரண்டாம் சரணத்தில் பீட் விலகியிருக்கும். பார் பாராக வார்ப் மார்க்கர் (குரலைத் தாளத்தோடு பிடித்துவைக்கும் குறி) போட்டுத்தான் ஆகவேண்டும். 84-இல் பாடியதை 128-க்கு இழுத்தால் பாதிக்கு மேல் வேகம் கூடுகிறது, கமகமெல்லாம் நடுக்கமாகிவிடும். 90 வரை போய்ப் பாருங்கள், போதும்.

சுருதியிலும் இதே கதைதான். ஏ மைனருக்கும் சி மேஜருக்கும் ஸ்வரங்கள் ஒன்றே என்பதால் கீ (பாட்டின் சுருதி) காட்டும் கருவி மாற்றிச் சொல்லிவிடும். மொபைலில் தம்புரா ஆப்பைப் போட்டு, குரலோடு ஓடவிட்டுப் பாருங்கள். குரல் எந்த ஷட்ஜத்தில் வந்து நிற்கிறதோ அதுதான் பாட்டின் சுருதி. கேசட்டிலிருந்து எடுத்த பாட்டு கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில்கூட நிற்கும். அப்போது 20, 30 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட்) ஏற்றியோ இறக்கியோ சேர்க்க வேண்டும்.

பாட்டிலிருந்து குரலைத் தனியே பிரிக்கும் டெமக்ஸ் போன்ற சாஃப்ட்வேர்களில் எடுத்த குரலில் சிம்பலின் மிச்சமும் பழைய ரிவர்பும் (எதிரொலிப்பும்) ஒட்டியிருக்கும். அதன் மேல் இன்னும் ரிவர்ப் கொட்டாதீர்கள். தனியாகக் கேட்கும்போது உறுத்தும் சத்தம் பீட்டுக்கு அடியில் பெரும்பாலும் மறைந்துவிடும். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டினால் பேஸுக்கு இடம் கிடைக்கும்.

உரிமை விஷயம்: மெட்டுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. பழகுவதற்கு வீட்டில் செய்து பாருங்கள். வெளியிடுவதானால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும்.

அப்புறம், மூச்சை வெட்டாதீர்கள். சுத்தம் செய்கிறேன் என்று நாய்ஸ் கேட் (மெல்லிய சத்தத்தை அடைத்துவிடும் எஃபெக்ட்) போட்டால் முதலில் போவது அதுதான். சரணத்துக்கு முன் பாடகர் மூச்சை இழுக்கிறார் இல்லையா, அந்த இடத்தில் கிக்கை அரை பார் நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.