தே தாரேக்குக்கு முன்னால் பத்து நிமிடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் காட்டுக்கு மேலே சூரியன் தலைகாட்ட ஏழு மணி தாண்டிவிடும். அதற்குள் எழுந்து, தே தாரேக்கூட (நுரை பொங்க இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்காமல், வெறும் வயிற்றோடு வீட்டு அஞ்சடியில் (முன்புற நடையில்) பாயை விரித்துவிடுங்கள்.

இந்தப் பத்து நிமிடமும் மணிபூரகத்துக்கு. யோகத்தில் அது தொப்புளை ஒட்டிய சக்கரம், அதாவது உடம்பின் சக்தி மையங்களில் ஒன்று. 10 இதழ், நெருப்புத் தத்துவம், 'ரம்' அதன் பீஜம் (விதை மந்திரம்). முதலில் நாவாசனம்: மல்லாந்து படுத்து, கால்களையும் நெஞ்சையும் ஒன்றாகத் தூக்கி 5 மூச்சு நில்லுங்கள். வயிறு வெடவெடவென்று நடுங்கும். நடுங்கட்டும்.

அப்புறம் கபாலபாதி என்ற மூச்சுப் பயிற்சி. மூச்சை இழுப்பதில் வேலையே இல்லை. வயிற்றைச் சட்டென்று உள்ளே தள்ளி மூக்கால் வெளியே விட வேண்டும்; உள்மூச்சு தானாக வரும். தொப்புள்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், மூச்சு வெளியேறும்போது கை உள்ளே போக வேண்டும். நானே ஒரு வருஷம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்! ஆரம்பத்தில் 30 தடவை போதும். கர்ப்பிணிகளுக்கும், ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்களுக்கும் இது வேண்டாம்.

ஜோதிடத்தில் இந்தச் சக்கரத்தைச் சூரியனோடு சேர்ப்பவர்களும் உண்டு, செவ்வாயோடு சேர்ப்பவர்களும் உண்டு. அந்த வழக்கு எனக்கெதற்கு? ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிழக்கே பார்த்துச் சூரிய நமஸ்காரம் சேர்த்துக்கொள்வேன். தே தாரேக்கெல்லாம் அதற்கப்புறம்தான்.