இலங்கைத் தென்கரையில் அமைதியான கடற்கரை தேடுவது எப்படி?

கொழும்பிலிருந்து மாத்தறை வரை வழியெல்லாம் கடல்தான். ஆனால் குழந்தை குட்டிகளோடு பயமில்லாமல் இறங்கிக் குளிக்க, அப்புறம் நிழலில் காலை நீட்டிக் கிடக்க ஓர் இடம் வேண்டுமென்றால் கொஞ்சம் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

1. முதலில் மாதம், அப்புறம்தான் ஊர்

டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கே கடல் சாதுவாக இருக்கும். மே வாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பிவிட்டால் செப்டம்பர் வரை அதே கடல் முரண்டு பிடிக்கும். பள்ளிக் கோடை விடுமுறையில்தான் போக முடியுமா? தெற்கை மறந்துவிட்டுக் கிழக்கே நிலாவெளி, பாசிக்குடா பக்கம் போங்கள். அங்கே அப்போதுதான் சீசன். பாசிக்குடாவில் கடலுக்குள் வெகுதூரம் ஆழமே இருக்காது, சுற்றிலும் தமிழ்ப் பேச்சு வேறு.

2. ரயிலில் வலப்பக்கம்

கொழும்பு கோட்டை நிலையத்தில் மாத்தறை அல்லது பெலியத்த போகும் ரயிலைப் பிடியுங்கள். போகும்போது கடல் வலப்பக்கம் வரும். அலுவலகம் விடும் நேரத்தில் மட்டும் ஏறாதீர்கள், நிற்கவே இடம் இருக்காது. ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் வரும் பெரேலியவில்தான் 2004 சுனாமி ஒரு ரயிலையே புரட்டிப் போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தண்டவாளம் அவ்வளவு கரையோரமாக ஓடுகிறது.

3. ஒரே ஊரில் தங்குங்கள்

காலி (Galle) நகருக்கும் மாத்தறைக்கும் நடுவே 45 கிலோமீட்டர்தான். தினம் ஒரு ஊர் என்று மூட்டை கட்டினால் ஓய்வு எங்கிருந்து வரும்? உனவட்டுன அல்லது வெலிகமவில் அறை எடுத்துக்கொண்டு, மற்ற இடங்களுக்கு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய்வரலாம். ஆட்டோவில் ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள்.

4. இறங்கும் முன் கரையைப் படியுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. துணிமணியை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கடலைப் பாருங்கள்.

தூரத்தில் வெள்ளைக் கோடாக அலை உடைந்து, கரையருகே தண்ணீர் தட்டையாகக் கிடக்கிறதா? நடுவில் பவளப்பாறை தடுக்கிறது என்று அர்த்தம். குளிக்க நல்ல இடம். மாத்தறைக்குப் பக்கத்தில் பொல்ஹேன அப்படித்தான், பாறைக்கு உட்புறம் குளம் மாதிரி இருக்கும். உள்ளூர்க் குடும்பங்கள் அங்கேதான் பிள்ளைகளை இறக்குகின்றன. என்னைக் கேட்டால், பேர்போன மிரிஸ்ஸவைவிட இதற்கே என் ஓட்டு. ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், பவளத்தின் மேல் மட்டும் மிதிக்காதீர்கள்.

மணல் செங்குத்தாகச் சரிந்து, அலை காலடியிலேயே தொம்மென்று விழுகிறதா? நாலு எட்டு வைத்தாலே ஆழம். அங்கே நடை மட்டும் போதும்.

இன்னொன்று, பார்ப்பதற்கு ஏமாற்றும். இரண்டு பக்கமும் அலை நுரைக்கும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்து, அமைதியாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் 'இங்கே அலையே இல்லை' என்று அதில்தான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் பாதை அது, ஆளையும் சேர்த்து இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரையேறுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், இறங்கவே கூடாது.

5. நாட்காட்டியில் பௌர்ணமி

பௌர்ணமிதோறும் போயா தினம், அரசு விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது. லீவு என்பதால் பொல்ஹேன மாதிரி இடங்களில் கூட்டம் சேரும். அந்த நாளைக் காலிக் கோட்டைக்கு ஒதுக்கிவிட்டு, குளியலை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.