இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) பெருக்கிக்கு 2,800 வோல்ட் நேர்மின்சாரம் (DC) வேண்டும். கையில் 1,000 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு இருக்கின்றன. தொடராக இணைத்தால் 2,000 வோல்ட் மாறுமின்சாரம் (AC). அதை நேர்மின்சாரமாக்கும் டயோடு பிரிட்ஜும் மின்தேக்கியும் வைத்தால், சுமையில்லா நிலையில் அதன் உச்ச மதிப்பான சுமார் 2,800 கிடைத்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் சுருள் முனைகளைச் சரிபார்ப்பதில் காட்டும் அக்கறையைப் பலர் மின்காப்பில் காட்டுவதில்லை. உயிருக்கு உலை வைப்பது அதுதான்.

பிரிட்ஜின் எதிர்மின் முனையைப் புவியோடு இணைத்தால், தொடரின் வெளிமுனைகள் இரண்டும் மாறி மாறி, சுருள் சுற்றியிருக்கும் இரும்பு உள்ளகத்துக்கு எதிராக 2,800 வோல்ட் வரை ஏறும். தனியாக இயங்கியபோது அதே சுருள் கண்டது 1,400 மட்டுமே. சுருளுக்கும் உள்ளகத்துக்கும் இடையில் இருக்கும் காப்பு அதைத் தாங்குமா என்று தயாரிப்பாளரின் காப்புச் சோதனை மதிப்பைப் பார்க்காமல் இணைக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்ஃபார்மரில் உயரழுத்தச் சுருளின் ஒரு முனை உள்ளகத்தோடே பிணைக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்தெடுத்துத் தொடரில் சேர்ப்பதை நான் ஏற்கவே மாட்டேன். அந்த முனைக்கு உயரழுத்தக் காப்பு போடப்படவில்லை.

எந்த முனையை எதோடு சேர்ப்பது என்று கண்டறிய முழு மின்னழுத்தம் தேவையில்லை. மின்சாரத்தை வாங்கும் 230 வோல்ட் முதன்மைச் சுருள்கள் இரண்டையும் பக்க இணைப்பில் (parallel) வைத்து, 12 வோல்ட் மாறுமின்சாரம் கொடுங்கள். உயரழுத்தம் தரும் ஒவ்வொரு துணைச் சுருளிலும் சுமார் 52 வோல்ட் இருக்கும். ஒன்றின் ஒரு முனையை மற்றதன் ஒரு முனையோடு இணைத்து, மீதி இரு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 104 காட்டினால் தொடர் இணைப்பு சரி. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஒரு சுருளின் முனைகளை மாற்றுங்கள். இந்த 104 வோல்ட்டிலும் கை படக் கூடாது.

தொடரில் மின்னோட்டத்தின் வரம்பு, இரண்டில் குறைந்த மின்னோட்டம் தாங்கும் சுருளுடையது. மின்தேக்கி வடிகட்டி இருந்தால், 0.5 ஆம்பியர் சுருளிலிருந்து 0.3 ஆம்பியர் அளவுக்குத்தான் நேர்மின்சாரம் எடுக்கலாம்.

துணைச் சுருள்களைப் பக்க இணைப்பில் சேர்ப்பது இன்னும் கறாரானது. ஒன்று 1,000 வோல்ட், மற்றது 1,020, சுருளுக்கு 30 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சுமையே இல்லாமல் ஏறக்குறைய 0.33 ஆம்பியர் சுருள்களுக்குள்ளேயே சுற்றிச் சூடேற்றும். ஒவ்வொன்றுக்கும் தனி பிரிட்ஜ் வைத்தால் இது நிற்கும்.

நேரடிப் பக்க இணைப்பில் முதன்மைச் சுருள்களுக்குத் தனித்தனி ஃபியூஸ் மட்டும் வைப்பதும் ஆபத்து. ஒன்று உருகினாலும் மற்ற டிரான்ஸ்ஃபார்மர் துணைச் சுருள்கள் வழியே அதற்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருக்கும். உருகிய ஃபியூஸுக்கு அப்பால் 230 வோல்ட் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபியூஸும் இரு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் இருமுனைச் சுவிட்சும் வையுங்கள். பிளக்கைப் பிடுங்கி, மின்தேக்கிகள் வடிந்துவிட்டதை மீட்டரில் பார்க்கும்வரை பெட்டிக்குள் கை வைக்காதீர்கள்.