ஜிபிஏ நல்லா இருக்கு, எஸ்ஏடி ஸ்கோர்தான் கம்மி: காலேஜ் லிஸ்ட் போடும்போது பண்ணக்கூடாத தப்புகள்

எங்க பொண்ணுக்கு ஹைஸ்கூல்ல ஜிபிஏ, அதாவது கிரேடுகளோட சராசரி, 3.9. அமெரிக்க காலேஜ் அட்மிஷனுக்கு எழுதற எஸ்ஏடி டெஸ்ட்ல 1600க்கு 1140. ஸ்கோர் வந்த அன்னைக்கு ராத்திரி லேப்டாப்ப மூடிட்டு ரூமுக்குள்ள போனவ சாப்பிடவே வரல. அந்த நேரத்துல நான் அவகிட்ட கேட்ட முதல் கேள்வி "இதுக்கு எந்த காலேஜும்மா கிடைக்கும்?" அப்படி கேட்டிருக்கவே கூடாது. நம்ம ஊர்ல கட்ஆஃப் பாத்து வளந்தவங்களுக்கு ஒரு நம்பர் வந்தா கதை முடிஞ்சதுன்னு தோணும், ஆனா அமெரிக்கால காலேஜுக்கு காலேஜ் ரூல் வேற, ஒரே ஸ்கோர் ஒரு இடத்துல கதவ மூடும், இன்னொரு இடத்துல அத யாரும் பாக்கவே மாட்டாங்க.

அதனால பெரிய தப்பு எதுன்னா, எல்லா காலேஜையும் ஒரே தராசுல போடறது. "இப்பல்லாம் டெஸ்ட் ஆப்ஷனல்தானே", அதாவது ஸ்கோர் அனுப்பறதும் அனுப்பாததும் நம்ம இஷ்டம்தானேன்னு பொதுவா சொல்லிட்டு போறாங்க, அது பாதி உண்மைதான். எம்ஐடி 2022லயே டெஸ்ட் வேணும்னு திரும்ப சொல்லிடுச்சு, 2024ல டார்ட்மவுத், ஹார்வர்ட், கால்டெக் எல்லாம் அதே மாதிரி மாறிட்டாங்க. ஜார்ஜியா டெக், ஃபுளோரிடா மாநில அரசு யூனிவர்சிட்டிங்க எல்லாம் ஸ்கோர் கேப்பாங்க. இன்னொரு பக்கம் யூசி, அதாவது யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, அட்மிஷனுக்கு எஸ்ஏடி, அதே மாதிரி இன்னொரு டெஸ்ட்டான ஏசிடி எதையும் பாக்கறதே இல்ல, நீங்க 1600 வாங்கினாலும் கணக்குல வராது. கால் ஸ்டேட், அதாவது கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டியும் 2022ல டெஸ்ட்ட எடுத்துட்டாங்க. நடுவுல நிஜமான டெஸ்ட் ஆப்ஷனல் காலேஜ் நிறைய இருக்கு, பௌடன் காலேஜ் 1969லேர்ந்தே அப்படித்தான். ஆனா வருஷா வருஷம் மாறுது, அதனால சொந்தக்காரங்க பையன் மூணு வருஷம் முன்னாடி சேந்தப்ப சொன்னத நம்பாதீங்க, அந்தந்த காலேஜோட அட்மிஷன் பக்கத்துல இந்த வருஷத்துக்கு என்ன போட்டிருக்குன்னு பாருங்க.

டெஸ்ட் ஆப்ஷனல்னு தெரிஞ்சப்புறம் அனுப்பறதா வேண்டாமான்னு ஒரு குழப்பம் வரும். இங்கதான் காமன் டேட்டா செட்னு ஒண்ணு இருக்கு, காலேஜ்களே தங்களோட அட்மிஷன் விவரத்த ஒரே ஃபார்மட்ல போடற அறிக்கை, காலேஜ் பேரோட சேத்து தேடினாலே பல காலேஜுக்கு பிடிஎஃப் கிடைக்கும். அதுல சி7னு ஒரு டேபிள், கிரேடு, பாடத்தோட கடினம், டெஸ்ட், எஸ்ஸே ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு முக்கியத்துவம்னு டிக் பண்ணிருப்பாங்க. சி9ல சேந்த பசங்கள்ல எத்தன சதவீதம் பேர் ஸ்கோர் கொடுத்தாங்க, கீழ்க்கால் அளவு (கால்வாசிப் பேர் இதுக்குக் கீழ) எங்க, மேல்க்கால் அளவு (கால்வாசிப் பேர் இதுக்கு மேல) எங்கன்னு இருக்கும். நானும் அவளும் டைனிங் டேபிள்ல உக்காந்து ஒவ்வொரு காலேஜுக்கும் இந்த ரெண்டு பக்கத்த மட்டும் பிரிண்ட் எடுத்து மார்க்கர்ல கோடு போட்டோம், அன்னைக்குதான் அவ முகத்துல கொஞ்சம் தெளிவு வந்துச்சு. ஸ்கோர் அந்த காலேஜோட நடு அளவுக்கு மேல இருந்தா அனுப்பலாம், கீழ்க்கால் அளவுக்கும் கீழன்னா பொதுவா வேண்டாம். ஒரு விஷயம் மறக்காதீங்க, பாதிப்பேர்தான் ஸ்கோர் கொடுத்திருக்காங்கன்னா அந்த நம்பர் நல்ல ஸ்கோர் வாங்கினவங்களோட நம்பர், அதப் பாத்து பயந்துட வேண்டாம். வசதி கம்மியான ஸ்கூல்ல படிச்சு, அங்க இருக்கறவங்கள விட நல்ல ஸ்கோர் வாங்கியிருந்தா ஸ்கூல் கவுன்சலர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, டார்ட்மவுத் டெஸ்ட்ட திரும்ப கொண்டு வந்தப்ப சொன்ன காரணத்துல ஒண்ணே இதுதான், உதவியிருக்கக்கூடிய ஸ்கோரக்கூட இந்த மாதிரி பசங்க அனுப்பாம விட்டுடறாங்கன்னு.

சின்னதா தெரியும், ஆனா வலிக்கற தப்பு ரெண்டு. எஸ்ஏடி ரெஜிஸ்டர் பண்ணும்போது நாலு காலேஜுக்கு ஃப்ரீயா ஸ்கோர் அனுப்பலாம்னு கேக்கும், டெஸ்ட் முடிஞ்சு ஒம்பது நாள் வரைக்கும் டைம். ஃப்ரீதானேன்னு ஆசையா நாலு பேர போட்டுட்டா ஸ்கோர் என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே அது போக வழி பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். ரெண்டாவது, சில ஹைஸ்கூல்ல டிரான்ஸ்கிரிப்ட்லயே, அதாவது காலேஜுக்கு அனுப்பற கிரேடு ஷீட்லயே, எஸ்ஏடி ஸ்கோர அச்சடிச்சு அனுப்பிடுவாங்க. நீங்க அனுப்பல, ஆனா ஸ்கூல் அனுப்பிடுச்சு! எங்களுக்கு அப்படித்தான் ஆகப் பாத்துச்சு, கவுன்சலருக்கு ஒரு ஈமெயில் போட்டோம், எடுத்துட்டு அனுப்பினாங்க.

திரும்பத் திரும்ப டெஸ்ட் எழுத வைக்கறதும் வேண்டாம். நிறைய காலேஜ் ஒவ்வொரு பகுதிலயும் பெஸ்ட் ஸ்கோர எடுத்து கூட்டிக்கறாங்க, அதனால ரெண்டாவது தடவ எழுதறது நியாயம்தான், ஏசிடி பிடிக்குதான்னு ஒரு பிராக்டிஸ் டெஸ்ட் போட்டு பாக்கறதும் சரி. அஞ்சாவது தடவைக்கு கோச்சிங் போற சனிக்கிழமைய எஸ்ஸேக்கு கொடுத்திருக்கலாம். நிஜமாவே கவனிக்கறதுல, படிக்கறதுல பிரச்சன இருக்கற பசங்களுக்கு கூடுதல் டைம் கேட்டு அப்ளை பண்ணலாம், எஸ்ஏடி நடத்தற காலேஜ் போர்டு முடிவு சொல்ல ஏழு வாரம் வரைக்கும் ஆகலாம், கடைசி நேரத்துல ஓடாதீங்க.

ஸ்கோர் அனுப்பலன்னா டிரான்ஸ்கிரிப்ட்தான் எல்லாத்தையும் தாங்கணும். அத நிறைய பேர் யோசிக்கறதில்ல. 3.9ங்கறத மட்டும் பாக்க மாட்டாங்க, ஸ்கூல்ல எத்தன ஏபி கிளாஸ் (ஹைஸ்கூல்லயே காலேஜ் அளவுல நடத்தற பாடம்) இருந்துச்சு, அதுல எத்தன எடுத்தாங்கன்னு, ஸ்கூல் தன்னப்பத்தி அனுப்பற ப்ரொஃபைல வெச்சு பாப்பாங்க. பன்னெண்டாவதுல கஷ்டமான பாடத்த விட்டுட்டு ஈஸியா எடுத்தா அது கண்ணுல படும், அட்மிஷன் கிடைச்சப்புறம் கிரேடு ரொம்ப விழுந்தா சீட்டையே திரும்ப வாங்கிக்கவும் செய்வாங்க. யூசி அப்ளிகேஷன்ல எட்டு கேள்வில நாலுக்கு, ஒவ்வொண்ணும் 350 வார்த்தைக்குள்ள எழுதணும், ஸ்கோரே இல்லாத இடத்துல அதுக்கு எவ்வளவு கனம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

பணம் பத்தி கேக்காம விடறது அடுத்த தப்பு. அட்மிஷனுக்கு ஆப்ஷனல்னு சொல்ற காலேஜே சில ஸ்காலர்ஷிப்புக்கு ஸ்கோர் கேக்கும். ஃபைனான்ஷியல் எய்ட் ஆஃபீஸ்க்கு நேரா ஒரு போன் போட்டு "ஸ்கோர் இல்லாம இந்த மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா"ன்னு கேளுங்க. இது தெரியாம எர்லி டெசிஷன்ல, அதாவது சீட் கிடைச்சா சேந்தே ஆகணும்ங்கற முன்கூட்டி அப்ளிகேஷன்ல, கையெழுத்து போட்டுடாதீங்க.

கடைசியா, கம்யூனிட்டி காலேஜ், அதாவது ரெண்டு வருஷ உள்ளூர் காலேஜ்னாலே முகம் சுளிக்கறது. நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு நம்ம ஆளுங்க அந்த பேச்சையே எடுக்க விடறதில்ல, இதுல எனக்கு நிஜமாவே வருத்தம். கலிஃபோர்னியால கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சு, கேக்கற பாடங்களும் ஜிபிஏவும் இருந்தா டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் இந்த ஆறு யூசில ஒண்ணுக்கு உறுதியா டிரான்ஸ்ஃபர் குடுக்கற ஏற்பாடே இருக்கு, சில மேஜர்க்கு (முக்கிய பாடத்துக்கு) மட்டும் கிடையாது. தினமும் ஒழுங்கா படிச்சு நல்ல கிரேடு வாங்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு தோதான வழி இது. எங்க பொண்ணு லிஸ்ட்ல அத நாங்க யாரும் சொல்லாம அவளே எழுதி வெச்சா, எட்டாவது வரில, பென்சில்ல.